ஓர் அரூப ஓவியத்தை வாங்கும் முன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். மகாராஜநகரில் வீடு கட்டி முடித்துவிட்டோம். கூடத்துச் சுவருக்கு நல்ல ஓவியம் ஒன்று வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். சென்னையில் ஒரு கேலரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். கித்தானில் (கேன்வாஸ்) எண்ணெய் வண்ணம், நாலடிக்கு மூன்றடி, அரூப ஓவியம். முழுக்கச் செங்கல் சிவப்பு, நடுவில் குறுக்கே ஒரு சாம்பல் பட்டை, கீழே வலது மூலையில் துளி நீலம். கூடவே 'இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான உரையாடல்' என்று ஒரு குறிப்பு. விலை ஒன்றரை லட்சம்.

'இதை என் பையனே வரைவான்' என்கிறான் மச்சினன். எனக்குச் சாயங்காலச் செம்மணல் தேரிக்காடு மாதிரி இருக்கிறது. அப்படிப் பார்க்கக் கூடாது, அதில் எந்த உருவமும் கிடையாது என்கிறாள் மகள். திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களை ரசித்துப் பார்த்தவன் நான். இதை எப்படி ரசிப்பது? வாங்கலாமா?

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

தேரிக்காடு என்று தோன்றியதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மகள் சொல்வதில் பாதிதான் சரி. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைக் காந்தி கோட்டோவியங்களால் அறிந்தவர்களே அதிகம். அவர் பின்னாளில் எண்ணெய் வண்ணத்தைப் பட்டை பட்டையாக இழுத்து வரைந்த அரூப ஓவியங்களும் இருக்கின்றன. அவற்றில் மரமோ வரப்போ கிடையாது. ஆனாலும் நிலத்தை நினைக்காமல் அவற்றின் முன் நிற்க என்னால் முடிந்ததில்லை. நிலம் நினைவுக்கு வருவது ஒரு குற்றமா என்ன?

உங்கள் கண்ணுக்கு இன்னொரு நியாயமும் இருக்கலாம். தேரி மணல் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் மணற்பருக்கைகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. ஓவியர்கள் பயன்படுத்தும் மண் சிவப்புகளில், 'இண்டியன் ரெட்' என்று டியூபில் வருவது உட்பட, இருப்பதும் அதே இரும்பு ஆக்சைடுதான். கோயில் சுவர்களில் பூசிய காவியும் அந்தக் குடும்பம். இந்தப் படத்தில் இருப்பது மண் சிவப்பா, காட்மியம் என்ற உலோகத்தின் சேர்மத்தால் செய்த காட்மியம் சிவப்பா என்று கேலரியில் கேளுங்கள். மண் சிவப்பு என்றால், ஓவியர் தேரியைக் கண்ணாலேயே பார்த்திராவிட்டாலும் நீங்கள் கண்ட உறவு உண்மையானது. வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காத நிறமும்கூட.

மகள் சொல்வதில் சரியான பாதி எது என்றால், தேரி என்று சொன்னதோடு பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது. 'இது என்ன' என்ற கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். இங்கே என்ன செய்திருக்கிறார், எதை வைத்து எதை எடுத்திருக்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தால்தான் படம் திறக்கும்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. மேலே தொட்டால் ஒட்டாமல் இருக்கவே நாள்கணக்கு ஆகும். தடித்த பூச்சு உள்ளே இறுக மாதக்கணக்கு ஆகும். அதனால் ஓவியருக்கு அவகாசம் உண்டு. கத்தியால் சுரண்டலாம், துணியால் துடைக்கலாம், பாதி காய்ந்ததன் மேல் இன்னொன்றை இழுக்கலாம். அந்த முடிவுகள் எல்லாம் கித்தானிலேயே கிடக்கும். உங்கள் சாம்பல் பட்டையின் ஓரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். சிவப்பின் மேல் சாம்பலை வைத்தாரா, முதலில் சாம்பலைப் பூசிவிட்டுச் சிவப்பை அதன் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தினாரா? சாம்பலின் கீழிருந்து சிவப்பு கசிகிறதா? பட்டை ஒரே வீச்சில் போனதா, நடுவில் தயங்கியதா?

நீலத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். போனிலேயே செய்யலாம். கட்டைவிரலால் அந்த நீலத்தை மறையுங்கள். சிவப்பின் நிறமே மாறியதுபோல் தெரிகிறதா, படம் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த நீலம் அங்கே சும்மா கிடக்கிறது. எனக்கு அது பெரிய குறை.

ரசனை இல்லாதவர் என்று உங்களை நினைக்காதீர்கள். பத்தமடையில் கல்யாணப் பாய் எடுக்கும்போது இதில் என்ன படம் என்று யாரும் கேட்பதில்லை. கோடுகளின் இடைவெளி, நிறங்களின் சேர்மானம், ஓரம் எல்லாவற்றையும் கண் தானாக அளந்துவிடுகிறது. அதே கண் போதும். பாயில் ஒரு கட்டம் திரும்பத் திரும்ப வரும். இந்தப் படத்தில் எதுவும் திரும்ப வராது. ஒவ்வொரு இடத்தையும் ஓவியர் புதிதாக முடிவு செய்தாக வேண்டும். உங்கள் மச்சினனிடம் நான்கு மூலைகளையும் காட்டுங்கள். விளையாட்டாகப் பூசியவர் நடுவில் உற்சாகமாக இருந்துவிட்டு மூலைக்கு வரும்போது ஏதோ அடைத்து முடிப்பார். அதற்கு நேர்மாறாக, ஓவியர் வி.எஸ். கைதோண்டே உருளையாலும் கத்தியாலும் பூசிச் சுரண்டி, வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களைத்தான் முடித்தார். 2001இல் காலமானார். 2013இல் மும்பை ஏலத்தில் அவருடைய படம் ஒன்று 23.7 கோடிக்குப் போனது. விலையை வியப்பதைவிட அந்த நிதானத்தைக் கவனியுங்கள்.

கேலரியின் குறிப்பைக் கடைசியில் படியுங்கள், படிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாசகம் இந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

வாங்கலாமா? போனில் பார்த்து வாங்காதீர்கள், அவ்வளவுதான். நாலடிப் படம் உள்ளங்கையில் அடங்கினால் அளவும் போய்விடும், பூச்சின் தடிமனும் போய்விடும். மகளையும் கூட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். காலையில் எழும்பூரில் இறங்கி, கேலரிக்குப் போகும் முன் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்குப் போய்விடுங்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கி வைத்த ஓவியர் கிராமம் அது. அங்கே பல படங்களைப் பார்த்துக் கண் பழகிய பிறகு உங்கள் சிவப்பின் முன்னால் போய் நில்லுங்கள். பக்கவாட்டில் நின்று வெளிச்சம் மேற்பரப்பில் விழுவதைப் பாருங்கள். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து, ஆண்டு, கித்தானின் நிலை எல்லாம் தெரியும். கால்மணி நேரம் நின்ற பிறகும் இன்னும் பார்க்க வேண்டும் என்றிருந்தால் விலை பேசுங்கள். சான்றிதழை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூடத்தில் நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம். அடுப்படிப் புகை எட்டாத இடமாக, படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு விரற்கடை விட்டு மாட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி