கிளச் மாற்றும்போது பிளைவீல்: டுவல் மாஸா, சொலிட்டா?

கேள்வி: என்னிடம் 2012 மொடல் போர்ட் டிரான்சிட், 2.2 டீசல் வான் இருக்கிறது. 1,28,000 மைல் ஓடிவிட்டது. கொவன்ட்ரியில் பலசரக்குக் கடை. கிழமைக்கு ஐந்து நாள் விடியமுன் பேர்மிங்காம் விட்டன் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருகிறேன். இப்போது கிளச் வழுக்குகிறது. பிளைவீலையும் மாற்ற வேண்டும், டுவல் மாஸ் என்றால் விலை கூட, சொலிட் போட்டால் மிச்சம் என்கிறார் கராஜ்காரர். வானை விற்கும் எண்ணம் இல்லை. எதைப் போடலாம்?

பதில்: விற்கும் எண்ணம் இல்லை என்கிறீர்களே, அதை வைத்தே சொல்கிறேன்: டுவல் மாஸ் போடுங்கள்.

பிளைவீல் என்பது எஞ்சினின் பின்பக்கத்தில் பூட்டியிருக்கும் கனத்த சக்கரம், கிளச் அதில்தான் பிடிக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) சும்மா நிற்கும்போதே நொடிக்கு 27 முறை அடி விழும். டீசலில் அந்த அடி இன்னும் பலம். டுவல் மாஸ் என்பது இரண்டு தட்டு. நடுவில் கிரீசுக்குள் வளைந்து கிடக்கும் நீளமான ஸ்பிரிங்குகள். எஞ்சின் பக்கத் தட்டு குலுங்கும், கியர் பொக்ஸ் பக்கத் தட்டு அநேகமாகச் சீராகச் சுற்றும். அடி கியர் பற்களுக்குப் போய்ச் சேராது.

சொலிட் ஒரே இரும்புத் துண்டு. உடைய அதில் ஒன்றுமில்லை, சூடு தாங்கும், தேய்ந்தால் கடைசல் பிடிக்கலாம். நல்ல சாமான்தான். ஆனால் ஸ்பிரிங் செய்த வேலையைக் கிளச் பிளேட்டில் இருக்கும் குட்டி ஸ்பிரிங்குகள் செய்ய வேண்டும். அவை அசைய இடம் கொஞ்சம்தான். போன வருடம் ஒருவர் பிடிவாதமாகச் சொலிட் போட்டுக்கொண்டு போனார். ஒரு கிழமையில் திரும்பி வந்து, "அண்ணை, சிக்னலில் நிற்கும்போது டிராக்டர் மாதிரிச் சத்தம் போடுது" என்றார். வேலையில் பிழையில்லை, அதன் சத்தமே அதுதான். நீங்கள் பாரம் ஏற்றி மோட்டர்வேயில் ஓடுகிறவர். அந்த அதிர்வு தினமும் கியர் பொக்ஸுக்குள் போகும். கியர் பொக்ஸின் விலைக்கு முன்னால் இந்த மிச்சம் பெரிதல்ல.

அப்போ சொலிட் யாருக்கு? ஊருக்குள் மட்டும் நின்று நின்று ஓடும் வான், ஒன்றிரண்டு வருடத்தில் கழிக்கப் போகிற வான். உங்களுடையது போன்ற யூரோ 5 டீசல் (பழைய புகை அளவு விதிப்படி செய்தது) லண்டனுக்குள் நுழைந்தால் நாளுக்கு 12.50 பவுண்ட் கட்ட வேண்டியிருப்பதால் இந்த வயது வான்களை அங்கே வாங்க ஆள் குறைவு. அப்படிக் கைமாறப் போகிற வானில் காசைக் கொட்டுவதில் அர்த்தமில்லை. சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானே நின்று தானே ஓடும் ஸ்டார்ட்-ஸ்டொப் உள்ள வானுக்கோ, எஞ்சினை ரீமாப் செய்த (கம்ப்யூட்டர் மூலம் பலம் கூட்டிய) வானுக்கோ நான் சொலிட் போடவே மாட்டேன்.

சொலிட் போடுவதானால் பிளைவீல், பிளேட், கவர், பேரிங் எல்லாம் ஒன்றாக வரும் முழு செட்டாக வாங்க வேண்டும். பழைய டுவல் மாஸுக்கு உரிய பிளேட்டில் பெரும்பாலும் நடுவில் ஸ்பிரிங் இருக்காது. அதைச் சொலிட்டோடு சேர்த்தால் அடியைத் தாங்க எங்கேயும் ஸ்பிரிங்கே இல்லாமல் போய்விடும். மலிவாகச் செய்கிறோம் என்று சிலர் செய்கிற வேலை இது.

சரி, கராஜில் என்ன கேட்க வேண்டும்? கியர் பொக்ஸை இறக்கிக் கிளச்சைக் கழற்றியதும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். டுவல் மாஸின் கியர் பொக்ஸ் பக்கத் தட்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் போய் ஸ்பிரிங் எதிர்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் 'கடக் கடக்' என்று ஆடினாலும், ஓரத்தில் கிரீஸ் நிறையக் கசிந்திருந்தாலும், முகத்தில் வெடிப்புத் தெரிந்தாலும் அது முடிந்தது. எத்தனை பாகை அசையலாம், எவ்வளவு தள்ளாடலாம் என்று தயாரிப்பாளர் ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் அளவு கொடுத்திருப்பார். அந்த அளவுக்குள் இருந்தால் பழையதையே விடலாம் என்பது விதி. 1,28,000 மைலில், அதுவும் கிளச் வழுக்கிச் சூடேறிய பிறகு, நான் விடமாட்டேன். கிளச்சின் பெரிய செலவே கியர் பொக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான். அதை இரண்டு தரம் கட்ட ஆசையா?

அதே காரணத்துக்காக, கிளச் பேரிங்கோடு சேர்ந்த ஸ்லேவ் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் கிளச்சை விடுவிப்பது அதுதான்) புதிதாகப் போடுங்கள். எஞ்சின் பின்பக்க ஒயில் சீல் ஈரமாக இருந்தால் அதையும். பிளைவீல் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளுகிற வகை, பழையதைத் திரும்பப் பூட்டக் கூடாது.

இன்னொன்று: எஞ்சின் மிஸ் அடிக்கிறதா? ஒரு இன்ஜெக்டர் டீசலைச் சரியாக அடிக்காவிட்டால் புது டுவல் மாஸும் சீக்கிரமே போய்விடும். முதலில் கம்ப்யூட்டரில் மாட்டி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பாரத்தோடு ஆறாம் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் இழுக்கிற பழக்கம் இருந்தால் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். புது கிளச் பதியும்வரை, முதல் சில நூறு மைலுக்கு, அரிசி மூட்டையை இரண்டு நடையாக ஏற்றுங்கள்.