அப்பா, அம்மா இருவருக்கும் இனிப்பு நீர். எனக்கும் வந்தே தீருமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வரும் என்றில்லை, ஆனால் வாய்ப்பு கூடுதல்தான். இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒரே மரபணு காரணமல்ல. நூற்றுக்கணக்கான சின்ன மாறுபாடுகள் சேர்ந்துதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றில் பெரிய புள்ளி, 2006இல் கண்டறியப்பட்ட, டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் மாறுபாடு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து ஒரு பிரதி இருந்தாலே ஆபத்து ஏறக்குறைய 1.4 மடங்கு, கணையம் இன்சுலின் சுரப்பதை அது மந்தமாக்குகிறது.

தோட்டத்தில் விடியுமுன்பே பால்மரம் சீவப் போன தாத்தாவிடமும் இதே மரபணுக்கள்தானே இருந்தன? அவர் நடந்தார். நாம் மோட்டாரில் போய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் குடிக்கிறோம். அமெரிக்காவில் நடந்த ஆய்வில், இந்த மாறுபாட்டின் இரண்டு பிரதி உள்ளவர்களுக்கும் எடைக்குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும் நன்றாகவே பலன் தந்தன.

மரபணுச் சோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில், கடந்த இரண்டு மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தச் சோதனை பாருங்கள், 5.7 சதவீதத்தைத் தொட்டால் அப்புறம் நடையையும் எடைக்குறைப்பையும் தள்ளிப்போட வேண்டாம்.