பழைய லினக்ஸ் கணினியில் இருப்பதை எல்லாம் புதியதற்கு மாற்ற, டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளை போதுமா? தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றியே ஆக வேண்டுமா?

டிடி போதாது. பெயரையும் மாற்ற வேண்டாம். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பார்த்துத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். பழைய கணினியில் லினக்ஸ் வகைகளில் உபுண்டுவோ மின்ட்டோ ஓடுகிறது. புதுசு வாங்கியாயிற்று. நண்பர் "டிடி போடு, முடிஞ்சது" என்கிறார். அதற்குள் நீங்களே பென்டிரைவில் இழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள், தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் சில ஏறவில்லை. உடனே யாரோ "இதுக்குத்தான் பேரை இங்கிலீஷ்ல வைக்கணும்னு சொல்றது" என்று சொல்லியிருப்பார்.

ஏறாத கோப்புகளின் பெயரை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் தடை தமிழ் எழுத்தாக இருக்காது, முக்காற்புள்ளியாகவோ கேள்விக்குறியாகவோ இருக்கும். "தைப்பூசம்: காவடிப் பாட்டு" என்று பெயர் வைத்தால் லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 முறை வாங்கிக்கொள்ளும், அதற்குச் சாய்கோடு மட்டும்தான் ஆகாது. பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் எதுவும் உள்ளே போகாது. அதே குறி போட்ட ஆங்கிலப் பெயரும் ஏறாது. பழி மட்டும் தமிழுக்கு.

இன்னொரு காரணம் நீளம். எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. "தமிழ்" என்ற சொல்லே 15 பைட். ஆகவே மொத்தம் 85 குறியீடு வரை போகலாம், அது தாராளம். ஆனால் பழைய உபுண்டு நிறுவும்போது "ஹோம் ஃபோல்டரைப் பூட்டு" என்று ஒரு வசதி இருந்தது, 18.04 பதிப்பில்தான் அதை எடுத்தார்கள். அந்தப் பூட்டுக்குள் பெயருக்கு 143 பைட்தான், அதாவது தமிழில் 47 குறியீடு. அப்படிப்பட்ட ஃபோல்டருக்குள் நீளமான தமிழ்ப் பெயரைப் போட்டால் "பெயர் நீளம்" என்று திருப்பி அனுப்பிவிடும். டிஸ்க் முழுவதையும் பூட்டும் லக்ஸ் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நான் பர்மாவில், யாங்கோனில் இருக்கிறேன், தொழில் கணக்கு எழுதுவது. எங்கள் கோயில் தமிழ் வகுப்பின் கணினியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 1960களில் இங்கே தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் படிப்பு பெரும்பாலும் கோயில் மண்டபங்களில்தான் உயிரோடு இருந்தது. அந்த மண்டப வகுப்பின் பாடங்கள், பழைய பாடநூல்களின் ஸ்கேன், பெரியவர்கள் பாடிய தேவாரம், கும்மி, ஒப்பாரி எல்லாம் அந்த ஒரே டிஸ்கில் இருந்தன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. பதிவுக்குள் இருப்பது குரல் மட்டும்தான். பாடியது யார், ஊர் மோல்மீனா, தட்டோனா, பெகுவா, எந்தத் திருவிழா, எந்த வருஷம் என்பதெல்லாம் கோப்பின் பெயரில் மட்டுமே இருந்தது. எங்கள் வாத்தியார் ஐயா ஒவ்வொன்றாகத் தமிழில் தட்டி வைத்தவை அவை. வேறு அட்டவணை கிடையாது. "ஆடியோ 001" என்று மாற்றியிருந்தால் குரல் இருந்திருக்கும், ஆள் போயிருப்பார். பெயரை மாற்றச் சொல்பவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவது அதனால்தான்.

டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு போன கடையில், "டிஸ்க் போச்சு, புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன், லினக்ஸெல்லாம் யார் வெச்சுக்கிறா" என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கேதான் டிடிக்கு வருகிறேன். டிடி நல்ல கருவிதான், ஆனால் டிஸ்கில் படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடும். நிற்காமல் போ என்று சொல்லலாம். சொன்னாலும் கெட்ட இடத்தில் முட்டி முட்டி, சாகிற டிஸ்கை அங்கேயே சாகடித்துவிடலாம். அதற்கென்றே இருப்பது குனு டிடிரெஸ்க்யூ. (டெபியன், உபுண்டுவில் தொகுப்பின் பெயர் முன்னால் ஒரு ஜி சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ.) இது நல்ல இடங்களை முதல் சுற்றில் மளமளவென்று எடுத்துவிடும், கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வந்து சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை மேப் ஃபைல் என்ற சின்னக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்.

அந்தச் சின்னக் கோப்புதான் எங்களைக் காப்பாற்றியது. யாங்கோனில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். சில மணி நேரம் வரும், சில மணி நேரம் போகும் என்று அட்டவணை போடுவார்கள், அட்டவணைப்படியும் வராது. இன்வெர்ட்டர் பேட்டரி அந்தப் பழைய கணினியை அதிக நேரம் தாங்காது. நான் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) கணினியைக் கிளப்பி, பழைய டிஸ்கை மவுன்ட் செய்யாமல், அதாவது திறக்காமல், முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக, இமேஜாக, வெளி டிஸ்குக்கு எடுத்தேன். திரையில் மீட்டது எவ்வளவு, தொடாதது எவ்வளவு, கெட்ட இடம் எத்தனை என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். தொடாதது குறையக் குறைய வாத்தியார் ஐயா வாயால் எண்ணிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவில் கரண்ட் போகும், மின்விசிறி நிற்கும், போன் வெளிச்சத்தில் காத்திருப்போம். வந்ததும் அதே கட்டளையைத் திரும்பத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மேப் ஃபைலையும் வெளி டிஸ்கிலேயே வையுங்கள். லைவ் யுஎஸ்பியின் ஹோம் ஃபோல்டர் நினைவகத்தில்தான் இருக்கிறது, கரண்ட் போனால் அதோடு போய்விடும். வெளி டிஸ்க் ஃபேட்32 ஆகவும் இருக்கக்கூடாது, 4 ஜிபியைத் தொடும் கோப்பை அது ஏற்காது.

"இவ்வளவு எதற்கு, கிளவுடில் போட்டிருக்கலாமே" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் இங்கே வாரக்கணக்கில் இரவு ஒரு மணிக்கு இன்டர்நெட்டை நிறுத்திக் காலை ஒன்பதுக்குத்தான் விட்டார்கள். மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவையே நிறுத்தினார்கள். அந்த நாட்களைப் பார்த்தவன் ஒரே பிரதியை மேகத்தில் வைத்துவிட்டுத் தூங்கமாட்டான். கிளவுட் தப்பு என்று நான் சொல்லவில்லை. கையில் ஒரு பிரதி, வேறு ஊரில் ஒரு பிரதி, அதற்குமேல் கிளவுட் இருந்தால் நல்லதுதான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாய்ங் பக்கம் கட்டடங்கள் சரிந்ததைப் பார்த்தபின் வேறு ஊர்ப் பிரதியைப் பற்றி எங்கள் கமிட்டியில் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். நான் தமிழில் ஏதாவது எழுதினால் உடனே "பர்மாவில் இன்னும் தமிழர் இருக்கிறார்களா? தமிழ் எழுதத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறோம். வீட்டில் பேசுகிறோம், கோயிலில் படிக்கிறோம், பிள்ளைகள் பர்மியப் பள்ளி முடிந்து வந்து சனி ஞாயிறில் அரிச்சுவடி எழுதுகிறார்கள். சென்னை பர்மா பஜாருக்குப் போய்ப் பொருள் வாங்கியவர்களுக்குக்கூட அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தோன்றுவதில்லை. 1960களில் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் போனார்கள், இருந்தவர்கள் இருக்கிறோம். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார் என்று தெரியும், இருந்தாலும் வலிக்கிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். உங்கள் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் இமேஜே எடுக்க வேண்டாம். புதுக் கணினியில் லினக்ஸைப் புதிதாக நிறுவுங்கள், பழையதில் இருந்த அதே பயனர் பெயரோடு. இரண்டுக்கும் நடுவே சாதாரண நெட்வொர்க் கேபிள் ஒன்றைச் செருகுங்கள். இன்றைய கணினிகளுக்குத் தனிக் கிராஸ் கேபிள் தேவையில்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. ஒரு பக்கம் நெட்வொர்க் அமைப்பில் "மற்ற கணினிகளுடன் பகிர்" என்று வைத்தால் மறுபக்கம் தானாக முகவரி வாங்கிக்கொள்ளும். புதுக் கணினியில், வேறு கணினியிலிருந்து உள்ளே வர விடும் எஸ்எஸ்எச் சர்வரை நிறுவிவிட்டு, பழையதிலிருந்து கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஓட்டுங்கள். பென்டிரைவே நடுவில் வராததால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் அப்படியே போகும்.

ஆர்சிங்க் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெரஸும் 1996இல் வெளியிட்டது, இன்றும் இதற்கு இணை கிடையாது. கட்டளையில் சிறிய ஏ என்ற விருப்பம் போட்டால் அனுமதிகள், தேதிகள், உரிமையாளர், குறியிணைப்புகள் எல்லாம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), கூடுதல் பண்புகள் அதில் வராது. அவற்றுக்குப் பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் மூன்றையும் சேருங்கள். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரோடு போகும். முதல் தடவை சிறிய என் சேர்த்து ஒத்திகை பாருங்கள், எதையும் எழுதாமல் பட்டியல் மட்டும் காட்டும். 'டிலீட்' விருப்பத்தை இந்த வேலையில் தொடவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டுங்கள், முடிந்ததை விட்டுவிட்டு மீதியை எடுக்கும். கடைசியாகச் சிறிய சி சேர்த்து ஒரு ஓட்டம். அது தேதியையும் அளவையும் நம்பாமல் உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

மறைந்திருக்கும் ஃபோல்டர்களை விடாதீர்கள், முக்கியமாக எழுத்துரு. எங்கள் பழைய பாடங்கள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துருவைக் கொண்டுபோகாவிட்டால் பாடம் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், பார்ப்பவர் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார். பர்மியப் பெயர் வைத்த கோப்புகள் சில, யூனிகோடு அல்லாத ஸாஜி எழுத்துருவில் இருந்தன. நாடு 2019 அக்டோபரில் யூனிகோடுக்கு மாறியபின் அவை கோணல்மாணலாகத் தெரியும். நகலெடுக்கும்போது எதையும் திருத்தப் போகாதீர்கள், முதலில் பைட் மாறாமல் போய்ச் சேரட்டும்.

பழைய மேக்கிலிருந்து வந்த கோப்புகள் கலந்திருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். "கோயில்" என்ற ஃபோல்டர் இரண்டாகத் தெரியலாம். ஒன்றில் கோ என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடு, மற்றதில் கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. கன்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி விருப்பத்தைக் கொண்டு பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரை மொத்தமாக நகலெடுத்துப் போடாதீர்கள். அதிலுள்ள எஃப்எஸ்டேப் கோப்பு பழைய டிஸ்கின் அடையாள எண்ணான யுயுஐடியைத் தேடும், புதுக் கணினி கிளம்பாமல் தவிக்கும். நீங்களாக மாற்றிய கோப்புகளை மட்டும் எடுங்கள். மென்பொருள் பட்டியலுக்கு ஏப்டி-மார்க் கட்டளையில் ஷோமேனுவல் போட்டால் நீங்களாக நிறுவியவை கிடைக்கும். அதைப் புதியதில் கொடுத்தால் போதும்.

ஒரே மாதிரியான பல கணினிகளுக்கு அமைப்பை அப்படியே பரப்ப வேண்டுமென்றால் மட்டும் டிஸ்கை அப்படியே பிரதியெடுக்கும் குளோனிங் சரி. அதற்கும் டிடியைவிடத் தைவானில் உருவான குளோன்சில்லா மேல், பயன்படுத்திய இடத்தை மட்டும் எடுக்கும். எங்கள் வகுப்பின் மற்ற கணினிகளுக்கு அப்படித்தான் செய்தேன். முன்னதாக ஈடிசியில் உள்ள, கணினியின் அடையாளத்தை வைத்திருக்கும் மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் காலி மட்டும் செய்துவிடுங்கள்; அடுத்த முறை கிளம்பும்போது ஒவ்வொன்றும் தனக்கென்று புதிது போட்டுக்கொள்ளும். இல்லாவிட்டால் இரண்டு கணினி ஒரே ஐபி முகவரிக்குச் சண்டை போடலாம். எஸ்எஸ்எச் சாவிகளையும் ஒவ்வொன்றிலும் புதிதாக உருவாக்குங்கள்.

எக்ஸ்ட்4க்குப் பதிலாக பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் முறைகளை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழிகள் உண்டு, எனக்கும் தெரியும். கேட்டவரிடம் அது இருப்பதாகத் தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை.

இவ்வளவும் செய்தபின் ஏதாவது பெயர் ஏறவில்லை என்றால் மாற்றிவிடாதீர்கள். வந்த பிழைச் செய்தியையும் அந்தப் பெயரையும் டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டுவதையும் அப்படியே கீழே ஒட்டுங்கள். கரண்ட் இருக்கும் நேரத்தில் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்ய யாரிடமும் கொடுக்காதீர்கள்.