சோழமண்டலத்துக்கு ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, ஈசிஆரில் போகும்போதெல்லாம் பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. ஓவியர்கள் குடியிருக்கும் இடமாமே, நாம் பாட்டுக்கு உள்ளே போகலாமா?

தாராளமாகப் போகலாம். வீடுகள் தனி, கண்காட்சி தனி. 2009இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது; 'மெட்ராஸ் இயக்கம்' என்று சொல்கிறோமே, சென்னையில் நவீன ஓவியத்தை வளர்த்த அந்தத் தலைமுறையின் படங்கள் நிரந்தரமாக அங்கே இருக்கின்றன. இண்டிகோ, லேபர்னம் என்று இரண்டு கூடங்களை வெளி ஓவியர்களும் வாடகைக்கு எடுக்கலாம். போன தடவை பார்த்தது இந்தத் தடவை இருக்காது.

மடிப்பாக்கத்திலிருந்து: அரசாங்கம் கொடுத்த நிலமா சார்?

இல்லை, பாத்திக் துணி விற்ற காசு! கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர். நன்றாக வரைகிற மாணவர்கள் படிப்பு முடிந்ததும் விளம்பரக் கம்பெனிக்கோ வேறு வேலைக்கோ போய்விடுவார்கள், தூரிகை அதோடு சரி. ஓவியத்தை நம்பி ஒரு வேளைச் சாப்பாடுகூட நிச்சயமில்லாத காலம். அதனால் பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைப் பொருள் செய்து விற்க ஆரம்பித்தார்கள். துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும், அதுதான் பாத்திக். அது நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே கடலோர மணலில் நிலம் வாங்கி 1966இல் கிராமத்தைத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கைவினை இருந்தால், வாங்குகிறவருக்குப் பிடிக்குமா என்று யோசித்துப் படம் வரைய வேண்டியதில்லை. மானியம் கேட்டுக் காத்திருந்தால் இந்த இடம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

திருச்சியிலிருந்து: ஒரே குழு என்கிறீர்கள், படங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லையே?

ஒட்ட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள்: ஜாதகக் கட்டம் போலக் கோடுகள், படிக்க முடியாத எழுத்துகள். கே. ராமானுஜம் பேனா மையில் ஒரு கனவு நகரத்தையே கட்டினார்; 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். அவருடைய சிற்பங்களை முன்னால் நின்று பார்க்க வேண்டும், கோயிலில் உற்சவரைப் பார்ப்பது மாதிரி. இவர்களுக்குள் பொதுவாக ஏதாவது உண்டென்றால் அது கோடுதான். வண்ணத்தைவிடக் கோட்டை நம்பியவர்கள் இங்கே அதிகம். முதல் தடவை போனால் ராமானுஜத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

போரூரிலிருந்து: விலை கேட்டால் வாங்கியே ஆக வேண்டுமோ என்று கூச்சம். பேரம் பேசலாமா?

கூடத்தில் விலைப் பட்டியல் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றாயிற்று. பேரம் வேண்டாம், கட்டுப்படியாகவில்லை என்றால் அதே ஓவியரின் சின்னக் கோட்டோவியமோ அச்சுப் படமோ (ஓவியர் தகட்டிலோ கட்டையிலோ உருவாக்கிச் சில பிரதிகள் மட்டும் அச்செடுப்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். அச்சுப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் 3/25 என்று இருந்தால் இருபத்தைந்து பிரதிகளில் மூன்றாவது என்று அர்த்தம். அப்புறம், காகிதப் படத்தைக் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டு ஃபிரேம் போடச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

தாம்பரத்திலிருந்து: நான் பள்ளிக்கூட டீச்சர், ஓய்வு நேரத்தில் அக்ரிலிக் வரைகிறேன். எனக்கெல்லாம் கண்காட்சி வைக்க இடம் கொடுப்பார்களா?

கேட்டால்தானே தெரியும் டீச்சர்! சோழமண்டலத்திலும் கேளுங்கள், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியிலும் கேளுங்கள். வாடகையில் விளக்கும் படம் மாட்டுகிற வேலையும் சேர்த்தியா, விற்றால் கமிஷன் உண்டா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். தனியாகச் செய்யப் பயமென்றால் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாடகையைப் பங்கு போடலாம்.

அடையாறிலிருந்து: ஐந்து வயதுப் பையனைக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள். வெளியே தோட்டத்தில் சிற்பங்கள் இருக்கின்றன, அவனுக்கு அதுதான் பிடிக்கும். ஏற மட்டும் விடாதீர்கள். மத்தியான வெயிலில் உலோகம் நன்றாகச் சுடும்.