மிதக்கும் எலி

அன்புள்ள ஐயா,

மருந்தியலில் முதுநிலை படிக்கிறேன். சுண்டெலியைத் தண்ணீர்க் குடுவையில் விட்டு, அது அசையாமல் மிதக்கும் நேரத்தைக் குறிப்பது ஆய்வுக்கூடத்தில் என் வேலை. அதிகம் மிதந்தால் மனச்சோர்வு, மருந்துக்குப் பின் அதிகம் நீந்தினால் மருந்து வேலை செய்கிறது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். எலிக்கு மனச்சோர்வு என்று எப்படித் தெரியும்? இதை நம்பலாமா?

க.

அன்புள்ள க.,

இந்தச் சோதனையை 1977இல் ரோஜர் போர்சோல்ட்டும் அவர் சகாக்களும் வெளியிட்டார்கள். எலி அசையாமல் கிடப்பதை நம்பிக்கையிழப்பு என்று அழைத்தார்கள். சிக்கல் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஏறித் தப்ப வழியில்லாத குடுவையில் மூக்கை மட்டும் வெளியே நீட்டி, வலுவைச் சேமித்து மிதப்பது பிழைக்கத் தெரிந்த பிராணியின் வேலை. களைத்துப்போனால் மல்லாந்து மித என்றுதான் ஆற்றில் நமக்கும் சொல்லித்தருவார்கள். அசைவின்மை ஒருவகைக் கற்றல் என்று ஆய்வாளர்கள் சிலரும் வாதிடுகிறார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது காலம். சுண்டெலிக்கு ஒரே ஊசி போதும், ஒரு மணி நேரத்துக்குள் கூடுதலாக நீந்துகிறது. அதே மருந்து மனிதருக்குப் பலன் தர வாரக்கணக்கில் ஆகிறது. என் நண்பர் ஒருவர் மாத்திரை தொடங்கிய பிறகு மூன்று வாரம் தினமும் ராத்திரி கூப்பிட்டு, “இன்னும் ஒண்ணும் தெரியலடா” என்பார். நான்காவது வாரம் ஒருநாள், காலையில் காபி குடிக்கத் தோன்றியது என்றார். அந்த வாரங்களில் அவர் மூளைக்குள் என்ன நடந்ததோ அதுதான் நமக்குத் தெரிய வேண்டும். குடுவை அதைக் காட்டுவதில்லை. ஆம்ஃபெடமின் கொடுத்தாலும் எலி கூடுதலாகத் துடிக்கும். அது ஊக்கமருந்து, அவ்வளவுதான்.

பின் ஏன் இத்தனை காலம் நிலைத்தது? மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் எலியிடமிருந்து வரவில்லை. காசநோயாளிகளுக்குக் கொடுத்த இப்ரோனியாசிட் அவர்கள் முகத்தை மலரவைத்தது. இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைப் போக்குவதை மனநல மருத்துவர் ரோலாண்ட் குன் ஸ்விட்சர்லாந்தில் 1956இல் தன் நோயாளிகளிடம் கண்டார். எலிச் சோதனை பின்னால் வந்தது. தெரிந்த மருந்துகளுக்குத் தலையசைத்ததால் அதை நம்பினோம். ஆகவே அவற்றின் சாயலில் இருப்பதை அது நன்றாகப் பிடிக்கும். அறவே புதிய வகை மருந்தைத் தவறவிட வாய்ப்புண்டு.

அதற்காக விலங்கு ஆய்வையே ஒதுக்கச் சொல்லமாட்டேன். நம் மூலிகையான சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை 1950களில் முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. ஸ்வீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன், மூளை டோபமினாக மாற்றிக்கொள்ளும் எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்தன. உடல் நடுங்கி இறுகும் பார்கின்சன் நோயின் சிகிச்சைக்கு வழி திறந்தது அதில்தான். முயல் சோகமாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. மூளையில் எது குறைந்தது என்று கேட்டார், அதற்கு முயலால் பதில் சொல்ல முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணம் 2024இல் நீச்சல் சோதனையைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. உங்கள் ஆய்வகத்தில் அது உடனே நிற்காமல் போகலாம். நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வேட்டில் அட்டவணைக்குத் தலைப்பிடும்போது ‘மனச்சோர்வு’ என்று எழுதாதீர்கள். ‘அசையாமல் மிதந்த நேரம், வினாடிகளில்’ என்று எழுதுங்கள். வழிகாட்டி ஏனென்று கேட்டால், இங்கே எழுதியதை அவரிடம் உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.