மணி எப்போது அடிக்கும்?

கேள்வி: எனக்கு 62 வயது. கணவர் போன பிறகு மகன் வீட்டில் இருக்கிறேன். தினமும் செபமாலை சொல்லும் பழக்கம் உண்டு. தவக்காலத் தியானத்தில் ஒரு சாமியார், "கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் ஆண்டவர் முன்னால் இருங்கள்" என்றார். உட்கார்ந்தால் கேஸ் சிலிண்டர், பேரனின் ஃபீஸ் என்று மனசு ஓடுகிறது. சில நாள் கணவர் ஞாபகம் வந்து அழுகிறேன். இல்லையென்றால் கண் அசந்துவிடுகிறது. "அத்தை நல்லாத் தூங்குறாங்க" என்று மருமகள் சிரிக்கிறாள். எனக்கு இது வராதோ?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மா, மருமகள் சிரித்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குத் துணையாக இரண்டு தெரசாக்கள் இருக்கிறார்கள்.

முதலாமவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரசா. மௌன செபத்தைப் பற்றி 16ஆம் நூற்றாண்டில் அவர் எழுதியதை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். அவரே தன் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்: பல வருடங்கள், செபத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்பதிலேயே காது இருந்ததாம். கையில் புத்தகம் இல்லாமல் செபத்துக்கு உட்காரவே பயந்திருக்கிறார். இரண்டாமவர் பிரான்ஸ் நாட்டுத் துறவி, நம் குழந்தை தெரசா. செப நேரத்தில் ஏழு வருடமாகத் தூங்கி விழுவதாக எழுதிவிட்டு, பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்! இந்த இருவரையும்தான் 1970இலும் 1997இலும் மறைவல்லுநர்கள், அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசிரியர்கள், என்று திருச்சபை அறிவித்தது.

சரி, சிலிண்டருக்கு வருவோம். அந்த நினைப்பை விரட்டாதீர்கள். விரட்டினால் சிலிண்டரோடு ஏஜென்சிக்காரரும் வந்து நிற்பார். 'இயேசுவே' என்றோ 'அப்பா' என்றோ ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். செபமாலை மணி மாதிரி அதை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். மனசு நழுவியது தெரிந்தால் மட்டும் உள்ளுக்குள் ஒரு தடவை. அப்புறம் சும்மா இருங்கள். நூறு தடவை நழுவினால் நூறு தடவை திரும்பி வாருங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் இந்தச் செபம்; வேறு எதையோ எதிர்பார்த்துத்தான் நமக்கு ஏமாற்றம். 1970களில் அமெரிக்காவில் ஸ்பென்சர் என்ற ஊரின் கத்தோலிக்க மடத்துத் துறவிகள் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை இது. அவர்கள் காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் என்றார்கள். நீங்கள் பத்தில் தொடங்குங்கள். மொபைலில் அலாரம் வைத்துவிட்டால் அவிலா தெரசா பட்ட பாடு உங்களுக்கு இல்லை.

சாப்பிட்ட கையோடு உட்கார வேண்டாம். காபிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால், நான் பின்னால் கட்சி. செபமாலையையும் விடாதீர்கள்; அதை முடித்துவிட்டு உட்கார்ந்தால் மனசு பாதி அடங்கியிருக்கும்.

அழுகை விஷயத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மகன் வீட்டில், எல்லாரும் நடமாடும் இடத்தில், அழ உங்களுக்கு வேறு நேரம் ஏது? அது வரும்போது சொல்லையெல்லாம் தேட வேண்டாம், அழுங்கள். எழுந்த பிறகும் நாள் முழுக்க நெஞ்சு பாரமாகவே இருந்தால், அந்தச் சாமியாரையே போய்ப் பாருங்கள். மகனிடமும் சொல்லுங்கள், உங்கள் கணவர் அவனுக்கும் அப்பாதானே.