கிராண்ட் ரோண்ட் களப்பள்ளி: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிராண்ட் ரோண்ட் பழங்குடிக் கூட்டமைப்பும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015இல் தொடங்கிய தொல்லியல் களப்பள்ளியில், அதாவது களத்திலேயே வேலை செய்து தொல்லியல் பழகும் பயிற்சியில், ஒரு கோடை முழுக்கப் படித்தேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கீழடி மாதிரி பெரிய குழிகளா?

இல்லை. முதலில் புல்லை வெட்டிவிட்டு, வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடியே நடப்போம். கண்ணில் படுவதை அளந்து, படம் எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவோம். அப்புறம் நிலத்தடி ரேடார், காந்தமானி என்று, தோண்டாமலே மண்ணுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் கருவிகள். இத்தனைக்கும் பிறகு, பழங்குடியினர் சரி என்றால்தான் கொத்துக்கரண்டி மண்ணைத் தொடும்.

ஒருநாள் எனக்கு ஒரு நீலக் கண்ணாடி மணி கிடைத்தது, மிளகை விடச் சின்னது. ஈர விரலில் ஒட்டிக்கொண்டு மின்னியது. திரும்ப வைக்க மனசே வரவில்லை. ஆனால் அதைக் கோத்துப் போட்டிருந்தவரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இதே ஊரில்தானே இருக்கிறார்கள்? வைத்துவிட்டேன்.

கேள்வி: மியூசியத்தில் வைத்தால் பத்திரம்தானே? ஏன் இவ்வளவு தயக்கம்?

கிராண்ட் ரோண்ட் மக்கள் பட்டது அப்படி. 1856 குளிர்காலத்தில் தெற்கு ஒரிகனின் டேபிள் ராக்கிலிருந்து இந்த மக்களில் ஒரு பகுதியினரை 33 நாள் நடத்தியே கூட்டிவந்தார்கள். 1954இல் ஒரு சட்டம் போட்டு, கூட்டாட்சி அரசு தந்திருந்த பழங்குடி அங்கீகாரத்தையே ரத்து செய்தார்கள். போராடி 1983இல் அதை மீட்டார்கள். 1988இல் 9,811 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அமெரிக்கா முழுக்கவே பழங்குடி முன்னோர் எலும்புகளைக் கேட்காமல் அள்ளிப்போய் அலமாரியில் அடுக்கியவர்கள் எங்கள் தொல்லியல் துறைக்காரர்கள்தான். அவற்றைத் திருப்பித் தரச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் 1990இல்தான் வந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு, தோண்டாமல் விடுவதையும் ஒரு திறமையாகவே நான் மதிக்கிறேன்.

கேள்வி: தோண்டும்போது மனித எலும்பு தென்பட்டால்?

வேலை அந்த நொடியே நிற்கும். படம் எடுக்கக் கூடாது. பழங்குடியினரிடம் சொல்ல வேண்டும். மேற்கொண்டு என்ன என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

கேள்வி: தங்குமிடம், சாப்பாடு?

கூடாரம்தான். சமையல் முறைவைத்து. காமாஸ் கிழங்கு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பச்சையாக இருக்கும்போது சின்ன வெங்காயம் போலத் தெரியும். மண் அடுப்பில் நாள் கணக்கில் வேகவைத்தால் கருத்து, குழைந்து, சுட்ட சர்க்கரைவள்ளி மாதிரி இனிக்கும். பூ நீலமாக இருக்கும்போதே அடையாளம் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க அதே மாதிரி இருந்து, வெள்ளைப் பூ விடும் இன்னொரு கிழங்கு விஷம்.

கேள்வி: மொழி?

ஆங்கிலம் போதும். ஆனாலும் அவர்களுடைய சினூக் வாவாவில் ‘ஹயு மாசி’ என்று நன்றி சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

கேள்வி: என்ன எடுத்துப் போகலாம்?

தொப்பி, நல்ல பூட்ஸ், முட்டிக்கு மெத்தை. மெத்தையை மட்டும் மறக்காதீர்கள், நாள் முழுக்க மண்டியிட்டுத்தான் வேலை.